சாப்பாவும் சும்மா இருந்த நாளின் கூலியும்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொச்சித் துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆள் எடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அன்றைக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை வில்லைகளைக் காலையில் ஆள் எடுக்கும் மூப்பன் கூட்டத்துக்குள் வீசுவான். பாய்ந்து பொறுக்கியவனுக்குக் கூலி உண்டு. மற்றவன் வெறுங்கையோடு துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரே தெருக்காரர்கள் ஒரு வில்லைக்காக அடித்துக்கொண்டார்கள். துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற தொழிலாளர்கள் இறந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

‘சும்மா தரும் உதவித்தொகையைவிட, கூலி குறைவானாலும் வேலைதான் குடும்பத்தை உயர்த்தும்’ என்று டீக்கடை முதல் சட்டமன்றம் வரை பேசுகிறோம். சாப்பாக்காரனுக்கு வேலை இருந்தது, உழைக்க உடம்பும் இருந்தது. ஆனாலும் அவன் வீட்டில் அடுப்பு எரிவது நிச்சயமில்லை. ஏன் என்று கேட்டால், அதற்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை லண்டன் துறைமுகத்தைப் பார்த்துப் போட்டவர் வில்லியம் பெவரிட்ஜ்; 1909-இல் வேலையின்மை பற்றி அவர் எழுதிய நூலில் வருகிறது. எளிய எண்களில் பார்ப்போம். மூன்று படகுத்துறைகள். ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 60 முதல் 100 ஆள் வரை தேவை, சராசரி 80. கப்பல் வரும் நாளில் ஆள் குறையக் கூடாது என்று ஒவ்வொரு மூப்பனும் தன் வாசலில் 100 பேரை நிறுத்திவைக்கிறான். ஆக 300 பேர் நிற்கிறார்கள்; சராசரி வேலையோ 240 பேருக்கு. 25 நாள் மாதத்தில் ஒருவனுக்கு 20 நாள். ஆனால் மூன்று துறைகளுக்கும் ஒரே நாளில் உச்சத் தேவை வருவது அபூர்வம். ஒன்றில் நெரிசல் என்றால் இன்னொன்று காற்று வாங்கும். மூன்றையும் சேர்த்து ஒரே பட்டியலில் ஆள் எடுத்தால் 250 பேரே பெரும்பாலான நாள்களில் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவனுக்கு 24 நாள் வேலை. அதே சரக்கு, அதே தினக்கூலி. வீட்டுக்கு வரும் பணம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது! ஏற்ற இறக்கங்கள் ஒன்று சேரும்போது ஒன்றையொன்று தணிக்கும் என்ற புள்ளியியல் விதி, கூலிக்காரன் சோற்றிலும் வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தினக்கூலியை மட்டும் உயர்த்தியிருந்தால்? நான்கு ரூபாயை எட்டாக்கினால் வாசலுக்கு வரும் கூட்டமும் பெருகும். 300 பேர் 600 ஆனால், 20 நாள் 10 நாளாகும். நான்கு இருபது எண்பது. எட்டுப் பத்தும் எண்பதுதான்.

இப்படிப் பட்டியலிட்டு ஆள் எடுக்க இந்தியாவில் 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. கொச்சிக்கான திட்டம் 1959-இல் வந்தது. பெயர் பதிந்தவர்களுக்கு முறைவைத்து வேலை தர ஒரு வாரியம் அமைந்தது. இத்தகைய திட்டங்களில் என் மனதைத் தொடுவது ஒரு விதி. வேலைக்கு வந்து நின்று, கப்பல் இல்லாமல் திரும்பினாலும் தொழிலாளிக்கு ஒரு படி உண்டு. மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதமும் உண்டு. உழைக்காத நாளுக்குப் பணம்! இதை உதவித்தொகை என்பதா, கூலி என்பதா? முதலாளிகள் செலுத்தும் தீர்வையிலிருந்து அது வந்ததால், ஆட்களைச் சும்மா நிறுத்திவைப்பது முதல்முறையாக அவர்களுக்கும் செலவாயிற்று. நம் கணக்கில் பட்டியலில் இடம் கிடைக்காத அந்த ஐம்பது பேரையும் மறக்கக் கூடாது. ஒரு கதவைச் சீர்செய்தபோது சிலர் வெளியே விடப்பட்டார்கள். அதே பெவரிட்ஜ் 1942-இல் பிரிட்டன் முழுவதற்குமான சமூகக் காப்பீட்டுக்கு அறிக்கை எழுதினார்.

உதவி கிடைத்தால் சோம்பல் வரும் என்ற பயத்தை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு அமைந்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில், 1.9 கோடி மக்கள் வாழும் பகுதியில், நூறுநாள் வேலைக் கூலி ஒழுங்காகக் கைக்குச் சேர ஸ்மார்ட் கார்டு முறை கொண்டுவந்தார்கள். எந்த மண்டலத்துக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்ததால் ஒப்பிட முடிந்தது. கார்த்திக் முரளிதரனும் அவரது சகாக்களும் ஆராய்ந்தபோது, பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதில் 86 விழுக்காடு அரசுத் திட்டத்திலிருந்து வந்ததே அல்ல; வயலிலும் வெளியிலும் பார்த்த தனியார் வேலையிலிருந்து வந்தது. போக்கிடம் ஒன்று இருப்பதால் கூலிக்காரர் பேரம் பேச முடிந்தது, கூலி உயர்ந்தது, வேலையும் குறையவில்லை. உதவி, கூலிக்கு எதிரியாக அல்ல, முட்டுக்கொடுப்பதாக நின்றது.

எல்லா உதவியும் இப்படி அமைவதில்லை. கேரளத்தில் விதவை ஓய்வூதியம் 2025 நவம்பரிலிருந்து மாதம் ரூ.2,000. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மட்டாஞ்சேரிச் சுக்கு குடோன் ஒன்றில் நாளுக்கு 400 ரூபாய்க்கு இஞ்சி தரம் பிரிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 250 நாள் உழைத்தால் சரியாக ஒரு லட்சம். விதிப்படி, 251-ஆம் நாள் அவருக்கு 400 ரூபாய் வரும், 24,000 ரூபாய் போகும். இழந்ததை மீட்க 310-ஆம் நாள் வரை, அதாவது 60 நாள், அவர் கூலியில்லாமல் உழைத்ததாகவே ஆகும். இந்த இடத்தில் ‘ஏன் மேலும் உழைக்கவில்லை?’ என்று அந்த அம்மாவைக் கேட்பது அநியாயம். கேள்வி விதி எழுதியவருக்குப் போக வேண்டும். பிரிட்டனில் வேலைக்குப் போகிறவருக்குக் கூலி ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் 55 பென்ஸ் உதவி குறைகிறது. அதுவும் கடுமைதான், என்றாலும் படிப்படியாக இறங்குகிறது. இங்கே இருப்பது ஒரே வெட்டு.

இன்று கொச்சியின் தெருமுனைகளில் பைக்கில் சாய்ந்து போனைப் பார்த்தபடி நிற்கும் டெலிவரி இளைஞர்களுக்கும் பெவரிட்ஜின் கணக்கு பொருந்தும். ஒவ்வொரு செயலியும் தன் உச்ச நேரத்துக்குத் தேவையான ஆட்களைத் தனித்தனியே நிறுத்திவைக்கிறது. நிற்பதற்குச் செலவில்லை என்பதால் குறைக்கவும் அவசரமில்லை. நியூயார்க் நகரம் 2023-இல் டெலிவரிக்காரர்களுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சத்தை நிர்ணயித்தது. உடனே நிறுவனங்கள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்நுழையலாம் என்பதற்கு வரம்பு வைத்தன. துறைமுகப் பட்டியல் போலவே இதிலும் சிலர் வெளியே நின்றார்கள். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. காப்பீடு, மருத்துவம், முதுமைப் பாதுகாப்பு எல்லாம் அதன் நோக்கத்தில் உண்டு. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி அதில் இல்லை.