கொல்லிமலை ஜீப்: விலை எங்கே இருக்கிறது?

பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பின் விலையை நிர்ணயிப்பவை முதலில் இரண்டு: ஆர்.சி. புத்தகம், சேஸிஸ். எஞ்சின் பழுதானால் இறக்கிவிட்டு வேறு ஏற்றலாம்; பாடி துருப்பிடித்தால் புதிதாக அடித்துக்கொள்ளலாம். லாரிக்கே பாடி கட்டும் நாமக்கல் பக்கம் இதற்கெல்லாம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. தாளும் சட்டமும் போனால் மட்டும் வண்டி பழைய இரும்புதான்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அதற்கு மேலும் சிற்றூர்களுக்குச் செல்லும் மண் தடங்களில் அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு மூட்டை எல்லாம் இறங்கி வர ஜீப் வேண்டும். அப்படி உழைத்த வண்டி விலைக்கு வரும்போது புதுப் பெயின்ட் பளபளக்கும். அதைப் பார்த்து மயங்காமல் கீழே குனிந்து பார்ப்பதே பாதி வேலை.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மஹிந்திரா தயாரிப்புகள். அந்நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் பூட்டித் தரத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி-யில் 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் உயரம் கூடியதால்தான் அதன் பானெட் தூக்கலாக நிற்கிறது. அடுத்த தலைமுறையான எம்.எம். 540-இல் பியூஜோவின் 2112 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது. ராணுவ ஏலம் வழியாக ஜோங்காவும் கைமாறும். நிசான் பேட்ரோல் வடிவமைப்பில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை கட்டிய வண்டி அது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஆசைக்கு வாங்கலாம், மலையில் பிழைப்புக்குக் கட்டாது.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானெட் சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த காலையில் டீசல் எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில் நிறையத் தெரியும். வெள்ளைப் புகை நெடுநேரம் நின்றால் கம்ப்ரஷன் குறைவு, அல்லது ஹீட்டர் பிளக் போயிருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ரீபோர் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. பாரம் ஏற்றிய வண்டியில் விரிசல் அங்கேதான் விடும். ஒட்டு வெல்டிங்கின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் விரலால் தடவினாலே மேடு தெரியும். சேஸிஸின் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒத்துவருகிறதா என்று பார்த்தால், வண்டி எங்காவது உருண்டு சட்டம் வளைந்திருந்தாலும் அகப்பட்டுவிடும்.

முன் ஆக்சில்தான் ஏமாற்றுக்கு இடம் கொடுக்கும் பகுதி. லீவர் இருப்பதால் மட்டும் நாலு சக்கரமும் இழுக்காது. முன் புரப்பெல்லர் ஷாப்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டவர்கள் உண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் பேரிங் தேய்மானம் கையில் தெரியும். இந்தத் தேய்மானம் முற்றிய வண்டி, வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங்கையே உதறும்.

ஓட்டிப் பார்ப்பதை மண் தடத்தில் செய்ய வேண்டும். இந்த ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருளும். மண்ணில் அவை சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் முடியாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். தார் வளைவுகளில் நாலு வீல் போட்டே ஓடிய வண்டி அந்த முறுக்கலின் தேய்மானத்தைச் சுமந்துகொண்டுதான் வரும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். பழைய மாடல்களில் நடு சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயில் ட்ரான்ஸ்பர் கேஸுக்குள் இறங்கிவிடும். ஒன்றில் குறைவு, மற்றொன்றில் வழிசல் என்றால் காரணம் அதுதான். மிதித்த பிரேக் பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், சரிசெய்யும்வரை மலை இறக்கவே கூடாது.

பிறகு தாள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் ஏற்றியிருந்தால் அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஏற்பதில்லை. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பு. இடையில் விட்டுப்போன காலத்தின் வரியும் அபராதமும் வாங்குபவர் தலையில் விடியும்.

ஒரே வண்டிக்கு இரு விலை வருவதும் இங்கேதான். மலையில் உழைக்கும் வண்டிக்கு டீசல் எஞ்சின் மதிப்பைக் கூட்டும். சேகரிப்பாளருக்கு அதே மாற்றம் குறை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியே விண்டேஜ். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் என்று அப்போது கட்டணம் வைத்தார்கள். 10 ஆண்டு செல்லும். அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஆகவே கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டை இறக்க வாங்குபவர் ஹரிகேன் எஞ்சினுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பழைமைக்காக வாங்குபவர் டீசல் ஏற்றிய 3பி-க்கு விண்டேஜ் விலை கொடுக்கக் கூடாது.