நடுராத்திரியில் ஓடிவரும் 'கவுன்சிலர்': போலீஸ் கேஸ் பயம் வேண்டாம்

சில பல்கலைக்கழகங்களில் நடுராத்திரி போன் வந்தாலும் விடுதிக்கு ஓடிவர ஒரு கவுன்சிலர் இருக்கிறார். வார்டு கவுன்சிலர் அல்ல, மனநல ஆலோசகர்.

அரியர், காதல் தோல்வி, வீட்டுக் கடன் என்று மனமுடைந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மாணவனிடம் இவர் புத்திமதி சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுவார். பிறகு, "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்டுவிடுவார். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்பது தப்பு. மனப்பாரம்தான் இறங்கும். "ஆமாம்" என்றால் அன்று ராத்திரி தனியாக விடமாட்டார். ஆபத்தான பொருட்களை அறையில் இருந்து எடுக்கச் சொல்வார். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிதான்.

ஆனால் அவருக்குத் தகவல் போனால்தானே? போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து கூடப் படிப்பவர்களே மூடி மறைத்து விடுகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே கிடையாது. (அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க முயன்றால் மட்டும் வழக்கு உண்டு.)

கல்லூரியில் ஆலோசகர் இல்லையா? 14416-க்கு போன் போடலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் சேவை இது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நண்பனுக்காக நண்பனும் பேசலாம்.