பதினோரு மாதக் கணக்கு

தாயோ தந்தையோ இறந்துபோனால், மரபைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்தின் மகன் நாள்தோறும் தொழுகைக்கூடத்துக்குப் போய்க் 'காடிஷ்' சொல்வான். பத்துப் பேராவது கூடியிருந்தால்தான் அதைச் சொல்லலாம். பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த அந்த வேண்டுதலில் சாவு என்ற பேச்சே கிடையாது. இறந்தவர் பெயரும் வராது. கடவுளின் திருப்பெயரைப் போற்றுவதோடு சரி. வேடிக்கையெல்லாம் அதன் கால அளவில்தான். பெற்றோருக்காகத் துக்கம் காப்பது பன்னிரண்டு மாதம். காடிஷ் மட்டும் பதினோரு மாதத்தில் நின்றுவிடும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல், தீயவர்கள் கெஹன்னாவில் தண்டனை அனுபவிக்கும் காலம் பன்னிரண்டு மாதம் என்கிறது. அந்தத் தண்டனையைத் தணிக்கும் என்று நம்பப்படும் காடிஷை வருடம் முழுக்கச் சொன்னால், 'எங்கப்பா அந்த அளவுக்குப் பாவி' என்று ஊரறியச் சொன்னதுபோல் ஆகிவிடுமே! அதனால் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகரில் வாழ்ந்த ரப்பி மோசே இசெர்லெஸ் இந்த வழக்கத்தையும் அதன் காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார்.

யூத மதத்துக்கு மறுமையே கிடையாது, உயிர்த்தெழுதலும் நரகமும் கிறிஸ்தவம் கொண்டுவந்தவை என்று படித்தவர்களே சொல்வதுண்டு. இந்தப் பதினோரு மாதம் ஒன்றே அதை மறுக்கப் போதும். உண்மையில் இரண்டு மதங்களும் ஒரே வீட்டுப் பங்காளிகள். சாவுக்குப் பின் என்ன என்பதில் அவை பங்கிட்டுக்கொண்டதும் ஒரே பூர்வீகச் சொத்துதான். சண்டை வந்தது என்ன நடக்கும் என்பதில் அல்ல, எப்போது என்பதில். உயிர்த்தெழுதல் இனிமேல்தான் என்றது ஒரு தரப்பு. ஒருவரோடு அது தொடங்கியாகிவிட்டது என்றது மற்றது. பிற்கால வேற்றுமைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு.

அந்தச் சொத்தும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. எபிரேய வேதத்தின் பெரும்பகுதியில் செத்தவர் எல்லோருக்கும் போக்கிடம் ஒன்றே: ஷியோல். தமிழ் வேதாகமம் இதைப் பெரும்பாலும் பாதாளம் என்கிறது. நல்லவன், கெட்டவன், அரசன், அடிமை என்ற பேதம் அங்கே இல்லை, தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை, மங்கலும் மௌனமும்தான். மகன் யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, தானும் துக்கத்தோடு அங்கேயே இறங்குவேன் என்று அழுகிறார். எந்தோரில் குறிசொல்லும் பெண் ஒருத்தி எழுப்பியபோது, தீர்க்கதரிசி சாமுவேலின் ஆவி ஏன் என்னைத் தொந்தரவு செய்தாய் என்று சவுல் அரசனைக் கடிந்துகொள்கிறது. நன்மைக்குக் கூலி இந்த மண்ணிலேயே கிடைக்க வேண்டும்: நீண்ட ஆயுள், பிள்ளைகள், நிலம். எருசலேமில் கேதேப் ஹின்னோம் என்ற இடத்தில் 1979-இல் தோண்டப்பட்ட கல்லறைக் குகைகளில் இந்த மனநிலையைக் கண்ணால் பார்க்கலாம். பாறையில் செதுக்கிய மேடை. தலை வைக்கக் குழிவு. உடலை அதன்மேல் கிடத்துவார்கள். சதை மக்கியபின் எலும்பை ஒதுக்கி, கீழே உள்ள குழிக்குள், முன்னோரின் எலும்புகளோடு சேர்த்துவிடுவார்கள். 'தன் மக்களோடு சேர்க்கப்பட்டான்' என்று வேதம் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சாக இருந்திருக்காது. அந்தக் குகைகளுக்குக் கீழே கிடப்பது ஹின்னோம் பள்ளத்தாக்கு. அங்கே பிள்ளைகளை நெருப்புக்குப் பலியிட்டார்கள் என்று எரேமியா சபித்தார். எபிரேயத்தில் 'கே ஹின்னோம்' என்ற அந்தப் பெயரே பிற்காலத்தில் கெஹன்னா ஆனது. மேடையில் கிடத்தப்பட்டவர்களுக்கு அது வெறும் பள்ளத்தாக்கு.

இந்தக் கணக்கு உடைந்தது நியாயம் என்ற கேள்வியால். கி.மு. 167-இல் சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு யூதச் சமயநெறியைத் தடைசெய்தான். விருத்தசேதனம் செய்தால் சாவு, ஓய்வுநாளைக் காத்தால் சாவு. கடவுளுக்குக் கீழ்ப்படிந்தவனே அந்தக் கீழ்ப்படிதலுக்காகக் கொல்லப்பட்டால், நீண்ட ஆயுள் என்ற கூலி எங்கே? அந்த நாட்களில் உருப்பெற்ற தானியேல் நூல்தான் எபிரேய வேதத்திலேயே மிகத் தெளிவாகப் பதில் சொல்கிறது: மண்ணில் உறங்குபவர்களில் பலர் விழிப்பார்கள், சிலர் வாழ்வுக்கு, சிலர் இழிவுக்கு. மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் ஏழு சகோதரர்களில் ஒருவன், வெட்டுவதற்குக் கைகளை நீட்டிக்கொண்டே, கடவுளிடமிருந்து இவற்றைத் திரும்பப் பெறுவேன் என்கிறான். ஆன்மா பறந்துபோய்ச் சுகமாக இருக்கும் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது பறிபோன அந்தக் கைகளே. இதெல்லாம் பாரசீகத்திலிருந்து வந்த இரவல் என்று ஒரு கட்சி உண்டு. யூதர்கள் இருநூறு ஆண்டுகள் பாரசீக ஆட்சியில் இருந்தவர்கள். ஜரதுஷ்டிர மதத்திலும் இறந்தோர் எழும் நம்பிக்கை இருக்கிறது. தாக்கமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தியோக்குக்கு முன்பே எழுதப்பட்ட ஏனோக்கு நூல் பகுதிகளிலும், இறந்தவர்களை நல்லவர் தீயவர் என்று பிரித்துத் தனித்தனி இடங்களில் வைத்திருப்பதாக வருகிறது. ஆக, விதை முன்பே விழுந்திருந்தது. ஆனால் விதை கிடைத்தவர் எல்லோரும் பயிரிடுவதில்லை. தியாகிகளின் ரத்தம்தான் அதை முளைக்கவைத்தது.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. முதல் நூற்றாண்டில் பரிசேயர்கள் உயிர்த்தெழுதலை நம்பினார்கள். ஆலயத்து உயர்குடியினரான சதுசேயர்கள் மறுத்தார்கள். அப்போது எருசலேமில் எலும்புகளைத் தனித்தனிக் கல்பெட்டிகளில் எடுத்துவைக்கும் வழக்கம் பரவியிருந்தது. அவரவர் உடலோடு எழ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 1990-இல் நகருக்குத் தெற்கே அகப்பட்ட ஒரு கல்லறை அந்த வாதத்தைச் சிக்கலாக்கியது. அங்கே கிடைத்த அழகான பெட்டி ஒன்றில் 'கயபாவின் மகன் யோசேப்பு' என்று கீறியிருந்தது. இயேசுவை விசாரித்த தலைமைக் குரு கயபா இவர்தான் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியென்றால், சதுசேயர் அணியோடு சேர்ந்தவர் வீட்டிலும் கல்பெட்டிதான். அதே கல்லறையில் ஒரு பெண்ணின் மண்டையோட்டுக்குள் நாணயம் ஒன்று கிடந்தது. இறந்தவர்களை ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலி கொடுக்கும் கிரேக்க வழக்கத்தை அது நினைவூட்டுகிறது. மதத் தலைவர்கள் வகுத்த கோடுகளை வீட்டுச் சாவுச் சடங்கு அவ்வளவாக மதிப்பதில்லை.

இந்தச் சண்டைக்கு நடுவே பிறந்தது கிறிஸ்தவம். பவுல் பரிசேயர், உயிர்த்தெழுதலை அவர் இயேசுவின் சீடர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் புதிதாகச் சொன்னது, அறுவடை தொடங்கிவிட்டது, கிறிஸ்துதான் முதற்கனி என்பதே. முதற்கனி பறித்தால் மீதி அறுவடை சீக்கிரம் வர வேண்டும். வரவில்லை. கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்ட தெசலோனிக்கேயர் கடிதத்திலேயே அந்தச் சங்கடம் தெரிகிறது: ஆண்டவர் வருமுன்னே எங்கள் ஆட்கள் சிலர் செத்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன? அடுத்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கிறிஸ்தவ மறுமையின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் விளைந்தது. சாவுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே நீண்டுகொண்டே போன இடைவெளியில் இடங்களைக் கட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் கடைசியில் கடவுளிடம் திரும்புவார்கள் என்று ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிகென் கருதினார். நரகம் முடிவில்லாதது என்று அகுஸ்தீன் வாதிட்டு வென்றார். மேற்கே முடிவில்லாத நரகம் நிலைபெற்றபின், அத்தனை பெரிய பாவமும் செய்யாத, அத்தனை புண்ணியமும் சேர்க்காத சாதாரண மனிதனை எங்கே வைப்பது? தூய்மைப்படுத்தும் நெருப்பு பற்றிய எண்ணம் பழையது; அது ஒரு தனி இடமாகப் பெயர் பெற்றது 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981-இல் காட்டினார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைத்தான் உத்தரிக்கிற ஸ்தலம் என்கிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றி மன்றாடுவது அங்கே இருப்பவர்களுக்காக. இறந்தோருக்காகப் பலி செலுத்தியதைச் சொல்லும் மக்கபேயர் நூலையே அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சீர்திருத்தச் சபைகளோ அந்த நூலை வேதத்தில் சேர்ப்பதில்லை. அந்த வகையில், கெஹன்னாவின் பன்னிரண்டு மாதத்துக்கு உறவு நரகம் அல்ல, உத்தரிக்கிற ஸ்தலம்தான்.

யூதர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. எதுவும் தொடங்காததால் எதையும் அவசரமாக விளக்க வேண்டியிருக்கவில்லை. உயிர்த்தெழுதல் உண்டு என்று மட்டும் மிஷ்னா உறுதியாகச் சொன்னது. மறுப்பவனுக்கு வரும் உலகில் பங்கில்லை. விவரங்களை ரப்பிகள் வாதத்துக்கு விட்டுவிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடெஸ் உயிர்த்தெழுதலை மறுக்கிறார் என்று புகார் கிளம்பியதால், 1191-இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இறந்தவர்கள் எழுவார்கள், உண்பார்கள், நெடுநாள் வாழ்வார்கள், மறுபடியும் இறப்பார்கள். அப்புறம் உடலற்ற நிலையே நிரந்தரம் என்றார். அடுத்த நூற்றாண்டின் நஹ்மானிடெஸ், உடல் என்றைக்கும் இருக்கும் என்றார். காபாலா என்ற யூத மறைஞான மரபினர் மறுபிறவியையே கொண்டுவந்தார்கள். 10-ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் சாதியா அதை மடமை என்று ஒதுக்கியிருந்தும்கூட. இவர்கள் எல்லோருமே பெரியவர்களாக மதிக்கப்படுகிறார்கள். ரோமைத் திருச்சபையோ உத்தரிக்கிற ஸ்தலத்துக்காக 1274-இல் லியோன், 1439-இல் புளோரன்ஸ், 1563-இல் திரிதெந்து என்று சங்கம் சங்கமாகக் கூட்டித் தீர்மானம் போட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இன்றைய கிறிஸ்தவர் பலர் செத்தவுடன் ஆன்மா சொர்க்கம் போகும் என்றல்லவா நம்புகிறார்கள், உடலின் உயிர்ப்பு எங்கே இருக்கிறது? விசுவாச அறிக்கையில் இருக்கிறது, ஞாயிறுதோறும் சொல்லப்படுகிறது. இடைவெளி இரண்டாயிரம் ஆண்டாக நீண்டதில், காத்திருக்கப் போட்ட திண்ணையே வீடாகிவிட்டது. யூதர்கள் பக்கமும் நிலைமை நேராக இல்லை. 1885-இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய அமெரிக்கச் சீர்திருத்த ரப்பிகள், உடலின் உயிர்த்தெழுதலும் கெஹன்னாவும் யூத வேரில்லாத கருத்துகள் என்று அறிக்கை விட்டார்கள். ஆன்மாவின் அழியாமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாள்தோறும் நின்றபடி சொல்லும் வேண்டுதலில் 'இறந்தோரை உயிர்ப்பிக்கிறவர்' என்பது, அந்த இயக்கத்தின் பிற்கால வழிபாட்டு நூலில் 'எல்லாவற்றுக்கும் உயிர் தருகிறவர்' என்று ஆனது. அதே சீர்திருத்த இயக்கம் 2007-இல் வெளியிட்ட புதிய வழிபாட்டு நூலில் பழைய சொல் திரும்பி வந்திருக்கிறது, அடைப்புக்குறிக்குள். எதைச் சொல்வது என்பது புத்தகத்தைப் பிடித்து நிற்பவர் விருப்பம்.