பாட்டியின் கட்டைவிரலும் முப்பது சதுரமும்

மே மாதக் கடைசியில் குன்னூருக்கு மலையேறுகிறவர்களைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். சீசன் கூட்டம் வந்து, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியைப் பார்த்து, வர்க்கிப் பொட்டலத்தோடு இறங்கிப் போயிருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கே மேகம் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி காயாது. ஆனாலும் எனக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பிடிக்கும். கோயமுத்தூர் வெயிலில் வதங்கிப்போன இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்வரை நிம்மதியாக இருக்கலாம். (சுயநலம்தான், ஒப்புக்கொள்கிறேன்!)

அம்மாவின் வராந்தாவில் அந்த நாட்களில் ஒரு நிட்டிங் வகுப்பு நடக்கும். தெருப் பிள்ளைகள், லீவுக்கு வந்த பேரன் பேத்திகள் என்று எட்டு ஒன்பது பேர். மூன்று மணிக்குப் பாயை விரித்தால் ஐந்து மணி டீ வரைக்கும் ஊசிச் சத்தம்தான். ஃபீஸ் கிடையாது. ஒரு ஜோடி ஊசியும் ஒரு உருண்டை உல்லனும் அவரவர் கொண்டு வர வேண்டும். கொண்டு வராதவர்களுக்கு அம்மாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, அலசி, காயவைத்துச் சுற்றிய உருண்டைகள் அதில் எப்போதும் கிடக்கும்.

அம்மாவுக்கு எழுபத்தொன்று வயது. பத்து வயதில் சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வைத்துப் பின்னக் கற்றுக்கொண்டவள். எங்கள் ஸ்கூல் ஸ்வெட்டர், அப்பாவுக்குக் கையில்லாத ஸ்வெட்டர், தாத்தாவுக்குக் குரங்குக் குல்லா எல்லாம் அவள் கைவேலைதான். நான்கு வருஷத்துக்கு முன் அப்பா தவறிப்போனார். அதற்கப்புறம் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அந்த வீட்டில் அவளுக்குத் துணை அந்த இரண்டு ஊசிகள்தான். டி.வி. ஓடும். அவள் பார்க்கமாட்டாள்.

போன வருஷம் நாங்கள் போனபோது வீட்டில் இன்னொரு விசேஷம். தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். ஜூலைக் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். ஜூலையில் குன்னூர் எப்படி இருக்கும் என்று தெரியுமில்லையா? மழை, குளிர், ஈரம். எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மா ஒரு போர்வை பின்னியிருக்கிறாள். இதற்கும் மஞ்சளும் வெள்ளையுமாக உல்லன் வாங்கி வைத்தாகிவிட்டது.

அன்று காலை எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளரை இடது கையால் நீட்டினாள்.

நாங்கள் யாராவது இடது கையால் ஒரு பொருளைக் கொடுத்தால் "அந்தக் கை என்னாச்சு?" என்று அதட்டுகிறவள்! வலது கையை ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

"ஒண்ணுமில்லடி. ரெண்டு மாசமா லேசா வலி. தைலம் தேச்சா சரியாப் போயிரும்."

ரெண்டு மாசம்! போர்வையை எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட வளரவில்லை. தங்கை ஓரமாகக் கூப்பிட்டு, "ராத்திரி கை வலியில எழுந்து உக்காந்திருக்கா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா அக்கா" என்றாள்.

டாக்டர் பெரிதாகச் சோதனை எதுவும் செய்யவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி முஷ்டி பிடிக்கச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொன்னார். அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டாள்.

இதற்கு 'டி கெர்வாய்ன்' என்று பெயராம். 1895-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர் ஒருவர் இதைப் பற்றி எழுதினார்; அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவுகிற இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் புகுந்து போகின்றன. ஒரே அசைவை மறுபடி மறுபடி செய்தால் அந்த உறை தடித்துவிடும். அப்புறம் தசைநாண் வழுக்கிப் போகாமல் உரசும். டம்ளரைப் பிடித்தால் வலி, துணி பிழிந்தால் வலி, சாவி திருப்பினால் வலி. பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அதிலும் கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற புதுத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் சகஜம்.

விரல் மரத்துப்போவது வேறு சமாசாரம் என்றும் டாக்டர் சொன்னார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இவை ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதென்றால் அது மணிக்கட்டின் நடுவில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு கூடுதல். தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காமல் காட்டிவிடுவது நல்லது.

"நாலு வாரம் பின்னக் கூடாது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் தர்றேன். குளிக்கறப்ப மட்டும் கழட்டலாம்."

"ஒரு ஊசி போட்டுச் சரி பண்ண முடியாதா டாக்டர்?"

"போடலாம். ஆனா உங்களுக்குச் சர்க்கரை இருக்கே? ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாள் சர்க்கரை ஏறும். முதல்ல ஓய்வு குடுத்துப் பார்ப்போம்." பிறகு அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஜூலையில பேரப்பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டப் போறது யாரு? நீங்கதானே? அதுக்குக் கை வேணாமா? இப்பப் போர்வையா, அப்பக் குழந்தையா, நீங்களே முடிவு பண்ணுங்கம்மா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை மூடினாள். அன்றைக்கு வகுப்பு இல்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டி.வி. போட்டோம். மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. "இனி ராத்திரி எப்படிடி போகும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வழி சொன்னது என் பையன். பதினொன்று வயது. முந்தின வருஷம் வகுப்பில் உட்கார்ந்ததோடு சரி, ஊசியையே தொடாதவன். "பாட்டி, கைதானே வலிக்குது? வாய் வலிக்கலையே? நீங்க சொல்லுங்க, நாங்க பின்றோம்."

அதிகப்பிரசங்கி என்று நான் முறைத்தேன். அம்மா சிரித்துவிட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் பாய் விரித்தோம். கையில் ஸ்ப்ளின்ட்டோடு நாற்காலியில் அம்மா, கீழே ஒன்பது பிள்ளைகள். திட்டம் இதுதான்: போர்வையை முப்பது சதுரங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றும் 15 செ.மீ. அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஆறு என்று சேர்த்தால் 75-க்கு 90. குழந்தைக்குத் தாராளம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பிள்ளை நூலை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர விடும். ஒரே எண்ணிக்கையில் கண்ணி போட்டாலும் ஒருத்தருடையது 13 செ.மீ. வரும், இன்னொருத்தருடையது 17. அப்புறம் எப்படி இணைப்பது? அம்மா மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். இரண்டே கண்ணி போட்டுத் தொடங்கி, ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். துண்டு முக்கோணமாக விரியும். ஓரத்தை ஸ்கேலில் வைத்து 15 செ.மீ. வந்ததும், வரிசைக்கு ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே வந்தால் எதிர் மூலையில் முடியும். யார் கை இறுக்கமோ தளர்வோ, சதுரம் ஒரே அளவுதான்! முழுக்க 'நிட்' மட்டும் போதும், 'பர்ல்' தெரியாத பிள்ளையும் போடலாம். கண்ணி கூட்டும்போது நூலைச் சும்மா ஊசிமேல் சுற்றினால் ஓட்டை விழும், குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரே கண்ணியில் இரண்டு தடவை பின்னிக் கூட்டச் சொன்னாள்.

எல்லோருக்கும் எட்டாம் நம்பர் ஊசி. அது 4 மில்லிமீட்டர். பத்தாம் நம்பர் அதைவிடச் சன்னம், 3.25 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். புதிதாகக் கற்கிறவர்கள் கடையில் ஏமாறுவது இங்கேதான்.

கையால் காட்டிக்கொடுக்க முடியாதபோது வாயால் சொல்லித் தருவது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அறுபது வருஷப் பழக்கம். விரல் தானாக ஓடும். அதை வார்த்தையாக்கத் தெரியவில்லை. "இப்படி... இந்தப் பக்கமா... ஐயோ, அப்படி இல்லடா!" என்று முதல் நாள் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் நாள் அவளே ஒரு பாடம் கண்டுபிடித்தாள்: "வாசலைத் தாண்டி உள்ளே போ. கழுத்தில மாலை போடு. மாலையோட வெளியே வா. பழசை இறக்கி விடு." ஒன்பது பிள்ளைகளும் அதைக் கோரஸாகச் சொல்லிக்கொண்டு பின்னின. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"பாட்டி, கண்ணி நழுவிப் போச்சு!"

"நழுவட்டும். பதறினாத்தான் கீழே ஓடும். அசைக்காம எங்கிட்டக் கொண்டா."

சென்னையில் 2016 ஜனவரியில் பல பெண்கள் குரோஷாவில் போட்ட துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,148 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை செய்த கதையை நான் எடுத்துவிட்டேன். என் பெண் உடனே கணக்குப் போட்டு, நம் சதுரத்தில் எத்தனை லட்சம் வேண்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து 'போர்', 'எப்ப முடியும்' என்ற பேச்சு வரவில்லை.

பின்னுவது மனதுக்கு நல்லதா என்று கேட்பீர்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நிட்டிங் செய்கிற 3,545 பேரிடம் இன்டர்நெட் மூலம் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பதில் சொன்னவர்கள் எல்லோருமே ஏற்கெனவே பின்னப் பிடித்தவர்கள். மன வருத்தத்துக்கு இதுதான் மருந்து என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊசியைத் தொடாமலே அந்தப் பத்து நாளில் அம்மா ராத்திரி தூங்கினாள். மத்தியானம் ஒன்பது பேரோடு மல்லுக்கட்டிய அசதியாகவும் இருக்கலாம்!

அம்மாவின் கையைப் பார்த்த பிறகு நானும் என் பின்னலை மாற்றிக்கொண்டேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து விரலை விரித்து மடக்குகிறேன். பெரிய வேலையென்றால் இரண்டு நீள ஊசிக்குப் பதில் நடுவில் ஒயர் வைத்த வட்ட ஊசி. போர்வையின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்கார்ந்துகொள்ளும். பருத்தி நூல் கொடுத்து வராது, கையைப் படுத்தும். உல்லன் என்று கடையில் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். துவைக்கச் சுலபம், ஆனால் தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த ஸ்வெட்டரோடு அடுப்பருகில் நிற்காதீர்கள்.

பிறந்த குழந்தைக்குப் பின்னுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது வரைக்கும் தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வை வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். விழித்திருக்கும்போது, மடியில் வைத்திருக்கும்போது போர்த்துங்கள். சாக்ஸின் உள்பக்கம் நூல் பிசிறு விடாதீர்கள். பிஞ்சு விரலில் சுற்றி இறுகிவிடும். சமவெளியில் இருப்பவர்கள் வேர்க்குருவோடு தவிக்கிற குழந்தைக்கு 'பாட்டி ஆசையாப் போட்டது' என்று மே மாதத்தில் உல்லன் தொப்பி மாட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பள்ளிக்கூடம் திறந்து நாங்கள் இறங்கும்போது இருபத்திரண்டு சதுரம் முடிந்திருந்தது. மீதியைத் தெருப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போட்டன. நாலு வாரம் ஆறு வாரமானது. வலி முக்கால்வாசி குறைந்தது. குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துப் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கையைக் கீழே கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஜூலை 27-ம் தேதி பெண் குழந்தை. கொட்டுகிற மழை. மூன்றாம் வாரம் போனேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பு மட்டும் தங்கை கணவர் கையில். "அத்தை, போதுமா?" "இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்க மாப்பிள்ளை."

போர்வை கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. மஞ்சள், வெள்ளை, மஞ்சள், வெள்ளை... நடுவில் ஒன்று மட்டும் கரும்பச்சை. என் பையன் கோயமுத்தூரிலிருந்து கவரில் போட்டு அனுப்பியது. மஞ்சள் தீர்ந்துவிட்டதாம். ஒரு மூலையில் கண்ணி நழுவி ஓட்டை. அந்த ஓட்டையை மட்டும் அம்மா தைத்திருந்தாள். பச்சையை மாற்றவில்லை.