அருணாக்கயிற்றைக் கழற்றுங்க ஐயா!

நோயாளிகளும் ஊழியர்களும் தவிர வேறு யாரையும் விடாத கதவு அது. எனக்குத் திறந்துவிட்டார்கள்! சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் பிரிவு. இன்றைக்கு வரிசையில் ஆண்கள்தான் அதிகம், அபூர்வம் என்கிறார்கள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு என் பின்னாலேயே வாருங்கள்.

முதலில் ரத்தம் எடுக்கும் மேசை. காலை எட்டு மணிக்கே வெறும் வயிற்றோடு கூட்டம். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கையை நீட்டியபடி, "சுகருக்குத்தானேம்மா?" என்கிறார். "இல்லீங்கய்யா, டெஸ்டோஸ்டிரோனுக்கு." பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்: "அதை எதுக்கும்மா இந்த வயசுல பார்க்கணும்?" "உங்க எலும்புக்குத்தான் ஐயா!" பின்னால் நிற்பவர்கள் சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். பத்து மணிக்குள் எல்லாரையும் முடித்தாக வேண்டும் என்று செவிலியர் நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் பறக்கிறார்.

டெக்ஸா ஸ்கேன் அறைக்குள் நுழைந்தால் குளிர் அள்ளுகிறது. மெத்தை போட்ட நீள மேசை. அதன் மேலே இயந்திரத்தின் கை. காலையில் முதல் ஆளாக அதில் படுப்பது யார் தெரியுமா? ஒரு பொம்மை முதுகெலும்பு! அதன் அடர்த்தி எவ்வளவு என்பது ஏற்கெனவே தெரியும். அதே எண் திரையில் வந்தால்தான் மனிதர்களுக்கு அனுமதி. வந்துவிட்டது. டெக்னீஷியன் தம்பி அதைத் தட்டிக்கொடுத்து, "இவருக்கு மட்டும் வயசே ஆகாது சார்" என்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உடை மாற்றும் மூலைதான். பிளாஸ்டிக் கூடை நிறையச் சாவிக்கொத்து, சில்லறை, பெல்ட், கூடவே வெள்ளி அருணாக்கொடி, தாயத்துக் கோத்த கறுப்புக் கயிறு! அளக்கப்போவது இடுப்பையும் கீழ்முதுகையும். குறுக்கே உலோகம் கிடந்தால் கணக்கே தப்பிவிடும். "அறுக்காதே தம்பி, எங்கம்மா கையால கட்டினது" என்கிறார் இன்னொரு பெரியவர். மேலே ஏற்றலாமென்றால் தொப்பை விடவில்லை. தம்பி மண்டியிட்டு, நகத்தாலேயே முடிச்சைப் பிரிக்கிறார். அந்தக் குளிரிலும் அவர் கழுத்தெல்லாம் வியர்வை. கயிறு முழுசாக வந்ததும் ஒரு கவரில் போட்டு, மேலே பெயரெழுதி, பெரியவர் கையிலேயே கொடுக்கிறார்.

பதினொரு மணிக்கு டீ. டாக்டரம்மாவின் மேசையில் கோப்புகள் பறக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு! "ஆம்பளைங்க எலும்பைக் காப்பாத்துற ஹார்மோன் எது?" என்கிறார். "டெஸ்டோஸ்டிரோன்!" என்று முந்திக்கொள்கிறார் தம்பி. "பாதி மார்க்" என்று சிரித்தபடி ஒரு கதையை ஆரம்பிக்கிறார் டாக்டர். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 28 வயது ஆண் ஒருவர். உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்பின் முதிர்ச்சியோ 15 வயதுப் பையனுடையது, அடர்த்தியும் குறைவு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு குறையும் இல்லை. ஈஸ்ட்ரோஜனும் ரத்தத்தில் தாராளமாக இருந்தது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய புரதத்தின் மரபணுவில் பிழை! இவரைப் பற்றிய ஆய்வு 1994-ல் வெளியானது. ஆணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அரோமட்டேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. அந்த நொதி வேலை செய்யாத ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் எலும்பு கெட்டிப்பட்டது. பெண்களுக்கென்று நாம் ஒதுக்கிவைத்த ஹார்மோன்தான் ஆணின் முதுகெலும்பையும் தாங்குகிறதாம்! எனக்கு டீ குடிக்கவே மறந்துவிட்டது.

டாக்டரம்மாவோ கையிலிருந்த பன்னைக் கீழே வைத்துவிட்டார். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவர்கள், கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறந்தவர்கள் எல்லாரும் இங்கே வர வேண்டியவர்களாம். பலர் எலும்பு முறிந்த பிறகே வருகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் ஓராண்டுக்குள் உயிரிழப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களில்தான் அதிகம். கேட்டதும் எனக்கு மனம் கனத்தது. அந்த ஊசி போட்டுக்கொள்ளும் அப்பாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால், எலும்பையும் பார்க்கணுமா என்று அவருடைய டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

கயிற்றுப் பெரியவரின் முறை. எலும்பு அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறுவதில் பாதிக்கு மேல் பரம்பரையின் கைவரிசை. அதனால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட 'ஃப்ராக்ஸ்' என்ற எலும்பு முறிவுக் கணிப்பு முறையில், பெற்றோரில் யாருக்காவது இடுப்பு முறிந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. பெரியவர் யோசிக்கிறார். "அப்பா விழுந்தாரு... எது உடைஞ்சுதுன்னு ஞாபகமில்லையே." செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிடுகிறார். ஸ்பீக்கரில் அறையே அதிர்கிறது: "இடுப்புடா! கிணத்தடியில வழுக்கி விழுந்தாரே, படுக்கையில கிடந்தப்ப நான்தானே பார்த்துக்கிட்டேன்! உனக்கு என்னடா ஆச்சு?"

டாக்டரம்மா கணினியில் 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டு, கைபேசிப் பக்கம் குனிகிறார். "அம்மா, அப்படின்னா நீங்களும் ஒருநாள் வந்து பார்த்துக்கணும்."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்! அவனை நல்லாப் பாரும்மா" என்று பதில் வருகிறது.