கருவுக்கு உயிர் எப்போது? இந்தியானா வழக்கும் ஃபிக்ஹ் மரபும்

கருப்பையில் வளரும் கருவை மருத்துவம் நாள்வாரியாக விவரிக்கும். ஆனால் அவ்வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் அது உயிர்ப்பறிப்பு ஹராமாகும் ஒரு மனிதனாகிறது என்பது மருத்துவம் தனித்து விடையளிக்கும் வினா அன்று. மார்க்கமும் அறமும் சார்ந்த வினா. அதற்கு அரசு தானே ஒரு விடையை எழுதிச் சட்டமாக்கினால், வேறு விடையைத் தம் சமய மரபிலிருந்து பெற்றவர்களின் நிலை என்ன? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2022இல் தொடுக்கப்பட்ட வழக்கு இவ்வினாவை நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. வாதிகளின் தரப்பில் யூத நம்பிக்கையோடு இஸ்லாமிய நம்பிக்கையும் முன்வைக்கப்பட்டது. ஆகவே நாம் அதனைக் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கருக்கலைப்பை அரசமைப்பு காக்கும் உரிமையாக 1973இல் 'ரோ' வழக்கில் ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2022 ஜூன் 24 அன்று 'டாப்ஸ்' வழக்கில் அத்தீர்ப்பை நீக்கி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. ஆறே வாரங்களில் இந்தியானா புதிய தடைச் சட்டத்தை இயற்றியது. கருவுற்ற நாள் முதலே தடை. தாயின் உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து, பிழைக்கவியலாக் கருவின் குறைபாடு, வன்கொடுமையால் உண்டான கரு ஆகியவற்றுக்கு மட்டுமே வரம்புடன் விலக்கு. உள்ளம் சார்ந்த நோய் விலக்காகக் கருதப்படவில்லை. மனிதனின் உடல்சார் வாழ்வு கருவுறுதலிலேயே தொடங்குகிறது எனக் கருக்கலைப்புக்கு வரும் பெண்ணிடம் மருத்துவர் அறிவிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டிலேயே அம்மாநிலம் விதித்திருந்தது.

2022 செப்டம்பரில் ஒரு யூத அமைப்பும் பெயர் வெளியிடப்படாத சில பெண்களும் வழக்குத் தொடுத்தனர். தாயின் உடல், உள்ள நலனைக் காக்கக் கருக்கலைப்பு தேவையாகுமிடத்து அதனைத் தம் மார்க்கம் பணிக்கிறது என்றனர் யூதர். நூற்றிருபது நாள்களுக்குப் பின்னரே ரூஹ் ஊதப்படுகிறது என்னும் இஸ்லாமிய அறிஞர்களின் கருத்தும் மனுவில் இடம்பெற்றது.

அவர்கள் ஏந்திய கருவியே இவ்வழக்கின் வியப்பு. சமய உரிமையை மீட்டெடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1993இல் இயற்றியது. பூர்வகுடியினர் தம் வழிபாட்டில் பயன்படுத்திய பெயோட்டி என்னும் தாவரம் தொடர்பான 1990ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு எதிர்வினையாக அது பிறந்தது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என 1997இல் உச்ச நீதிமன்றம் கூறவே, மாநிலங்கள் பல தத்தமக்கெனச் சட்டம் இயற்றின. இந்தியானாவில் 2015இல் ஆளுநர் மைக் பென்ஸ் கையொப்பமிட்டார். கிறித்தவப் பழமைவாதிகள் அதனை வரவேற்றனர். அச்சட்டத்தின் அளவுகோல் எளியது. ஒருவரின் சமயக் கடைப்பிடிப்பை அரசு பெரிதும் சுமைப்படுத்தினால், அதற்குத் தவிர்க்கவியலா நோக்கம் ஒன்று உண்டென்றும், அதனை எய்த இதனினும் குறைந்த சுமை தரும் வழி இல்லையென்றும் அரசே மெய்ப்பிக்க வேண்டும்.

2022 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் வாதிகளுக்குச் சார்பாக இடைக்காலத் தடை வழங்கியது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் வரையறையைத் திருத்தச் சொல்லி, சாரத்தை உறுதிசெய்தது. சமய நம்பிக்கையின் பேரில் ஒரு வணிக நிறுவனம் தன் ஊழியருக்குக் கருத்தடைக் காப்பீடு வழங்க மறுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றிருக்க, ஒரு பெண்ணின் நம்பிக்கையை மட்டும் சமயக் கடைப்பிடிப்பு அன்று எனத் தள்ளுவது எங்ஙனம் என்பது அதன் வாதம். செயற்கைக் கருத்தரிப்புக்கு விலக்களித்த அரசு, கருவைக் காப்பது விலக்கற்ற நோக்கம் எனக் கூறுவது பொருந்தாது என்றும் அது சுட்டியது. 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அக்கட்டத்தில் தலையிட மறுத்தது. எனினும் இது இடைக்காலக் கட்டத்துத் தீர்ப்பு; காத்ததும் வழக்கில் இணைந்தோரையே. சட்டம் ஏனையோர் மீது நடைமுறையில் இருந்தது.

இனி நம் மரபின் பக்கம் திரும்புவோம். கருவின் படிநிலைகளைத் திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் நபிமொழி, மூன்று நாற்பது நாள்களுக்குப் பின் ரூஹ் ஊதப்படுவதைக் கூறுகிறது. அதன்பின் கலைப்பது ஹராம் என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை உண்டு. தாயின் உயிருக்கு ஆபத்து நேருமிடத்தைத் தற்கால அறிஞர் பெரும்பாலோர் விலக்காகக் கொள்வர். அதற்கு முன்னுள்ள காலத்தில்தான் கருத்து வேறுபாடு. ஹனஃபி மரபினர் பலர் தக்க காரணத்தின் பேரில் அனுமதித்தனர். ஹன்பலி மரபினர் பலர் நாற்பது நாள்வரை என்றனர். மாலிக்கி மரபின் மேலோங்கிய கருத்து தொடக்கம் முதலே தடுத்தது. ஷாஃபிஈ மரபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), கருத்தடையினின்று கருக்கலைப்பை வேறுபடுத்தி, கரு வளர வளரக் குற்றமும் கனக்கும் என விளக்கினார். கருவுக்குக் கேடு விளைவித்தவன் மீது முழு உயிரீட்டுத் தொகையின் இருபதில் ஒரு பங்கு விதிக்கப்பட்டதும் இதே நோக்கினதே. கரு பயனற்ற சதைத்துண்டும் அன்று. பிறந்த மனிதனுக்கு முற்றும் இணையும் அன்று.

ஆகவே 'கருவுற்ற கணமே முழு மனிதன்' என்பது நம் மரபில் ஒருமித்த நிலைப்பாடு அன்று. அதனைச் சட்டமாக்கும் அரசு, அறிந்தோ அறியாமலோ, ஒரு சமய மரபின் விடையை அனைவர் மீதும் சுமத்துகிறது. எனினும் நாம் நேர்மையையும் கைவிடலாகாது. யூத மரபு கடமை எனக் கொள்ளும் இடத்தில் நம் ஃபிக்ஹ் பெரும்பாலும் அனுமதி என்றே பேசுகிறது. வாஜிபும் முபாஹும் ஒன்றல்ல. வாதியின் நம்பிக்கை உளமார்ந்ததா என்பதையே நீதிமன்றம் ஆராயும். அது மார்க்கத்தின் சரியான விளக்கமா என ஆராயாது. அவ்விரண்டாம் ஆய்வு நம் அறிஞர்களின் பொறுப்பு. வழக்கில் வெல்வதற்காக இக்திலாஃபை மறைத்து, ஒரு சலுகையை வரம்பற்ற உரிமையாகக் காட்டுவோமெனின், நம் மரபுக்கு நாமே இழைக்கும் தவறு அது. 'இஸ்லாம் எந்நிலையிலும் தடுக்கிறது' எனக் கூறி, இடுக்கண்ணில் நிற்கும் பெண்ணுக்கு இமாம்கள் திறந்துவைத்த வாயிலை அடைப்பதும் அதே அளவு தவறே.

2015இல் ஆர்கன்சா மாநிலச் சிறையில் இருந்த முஸ்லிம் ஒருவர் தாடி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றத்தில் பெற்றதும் இதனையொத்த அளவுகோலின்படியே. பெரும்பான்மையோர் தமக்கென வார்த்த கேடயம் சிறுபான்மையோரையும் காக்குமா என்பதே ஓர் அரசமைப்பின் நீதிக்கு உரைகல். அக்கேடயத்தை நாம் ஏந்தும்போது, நமக்கு உவப்பற்ற நம்பிக்கையுடையோரும் அதனை ஏந்துவர் என்பதை ஏற்கும் நெஞ்சுரமும் நமக்கு வேண்டும்.