எலும்பு முறியும்வரை காத்திருக்கலாமா?

பீச் ரோட்டு உணவங்காடியில் சூப் துலாங் சாப்பிட்டவர்களுக்கு நான் எலும்பு மஜ்ஜையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதில் கொழுப்பு மிகுதி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நம் இரத்த அணுக்கள் மஜ்ஜையில்தான் பிறக்கின்றன. அங்குள்ள பிளாஸ்மா அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால், எலும்பை அரிக்கும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய் உண்டாகிறது. அதற்கு முன்பு, நோய் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டம் உண்டு. வலி இராது, முறிவும் இராது. இந்நிலையில் உள்ள நூறு பேரில், முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு அது முழு நோயாகிறது. அந்தப் பத்துப் பேர் யார்? இந்தக் கேள்விதான் என்னை மருத்துவப் படவியலின்பால் ஈர்த்தது.

எக்ஸ்ரே இங்கே தாமதமாக வரும் சாட்சி. எலும்பின் தாதுப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகே அதில் ஓட்டை தெரியும். ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தால் இடுப்பெலும்பில் ஓரிடத்தைத்தான் அறியலாம். நோயோ திட்டுத் திட்டாகப் பரவக்கூடியது. எம்.ஆர்.ஐ. மஜ்ஜையையே பார்க்கிறது. டி1 எனப்படும் படத்தில் கொழுப்பு வெண்மையாக ஒளிரும். கொழுப்பை ஒதுக்கிவிட்டுப் புற்றணுக்கள் குடியேறிய இடம் கருந்திட்டாகத் தெரியும். இதில் கதிர்வீச்சும் கிடையாது.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், அறிகுறியற்ற 149 பேரின் முழு உடல் எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி 2010இல் எழுதினர். ஒன்றுக்கு மேற்பட்ட திட்டுகள் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு இரண்டே ஆண்டுகளில் நோய் முற்றியது. 2014இல் அனைத்துலக மைலோமா பணிக்குழு, 5 மில்லிமீட்டருக்குக் குறையாத திட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் அதைச் சிகிச்சைக்குரிய மைலோமாவாகக் கொள்ளலாம் என வரையறுத்தது. ஒரே திட்டு என்றால், மூன்று முதல் ஆறு மாதங்களில் மறுபடியும் படம்.

மீதி 30 பேர்? நன்றாக நடமாடும் அவர்களுக்கும் கடுமையான மருந்துகள் உரிய காலத்திற்கு முன்பே தொடங்கப்படும். இது சிறிய விஷயமன்று. ஆயினும் நொறுங்கிய முதுகெலும்பைப் பழையபடி நிமிர்த்துவது கடினம். நான் 2014ஆம் ஆண்டு முடிவின் பக்கமே நிற்பேன்.

சிகிச்சைக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. சற்றுத் தடுமாறும். அணுக்கள் மடிந்த பின்னும் திட்டு நெடுநாள் தங்கிவிடும். அப்போது பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தினால், உயிருள்ள புற்றணுக்கள் அதை விழுங்கி ஒளிரும். சிகிச்சையின் முடிவில் அந்த ஒளி அடங்கியவர்களுக்கு, அடங்காதவர்களைக் காட்டிலும் நோய் திரும்பத் தாமதமாகிறது.